டெஸ் அளக்கும் விண்மீனை நாமும் அளக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கி, மோனோ (கறுப்பு-வெள்ளை) சிமாஸ் கேமரா, பி (நீலம்), வி (பச்சை-மஞ்சள்) ஃபில்டர்கள் இருக்கின்றன. துடிக்கும் (பொலிவு சீராக ஏறி இறங்கும்) விண்மீன்களை நாசாவின் டெஸ் விண்கலமே நாள்கணக்கில் அளக்கிறது. தரையிலிருந்து நான் எடுப்பதால் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. 2018-இல் ஏவப்பட்ட டெஸ், 600 முதல் 1000 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை ஒரே பட்டையாக அளக்கிறது. அதற்கு நிறம் தெரியாது. விண்மீன் எந்த வகையில் துடிக்கிறது என்று கண்டறிய, துடிப்பின் வீச்சும் (பொலிவு ஏறி இறங்கும் அளவு) கட்டமும் (சுழற்சியில் உச்சம் வரும் இடம்; ஒரு முழுத் துடிப்பு 360 பாகை) நிறத்துக்கு நிறம் எப்படி வேறுபடுகின்றன என்று தெரிய வேண்டும். அதை உங்கள் ஃபில்டர்கள் தரும். மேலும், டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலம். பக்கத்து விண்மீனின் ஒளியும் அதில் கலந்துவிடும். துடிப்பது எது என்று உங்கள் படத்தில் பிரித்துப் பார்க்கலாம்.

பழகுவதற்குக் கும்ப மண்டலத்தின் சி.ஒய். அக்வாரி அருமையான விண்மீன். சுமார் 88 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு, பொலிவெண் (எண் கூடினால் ஒளி மங்கல்) 10.4-க்கும் 11.2-க்கும் இடையே ஊசலாடும். ஏற்றம் சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் எக்ஸ்போஷரை நீட்டாதீர்கள். வி-யில் 20 விநாடி, பி-யில் 40 விநாடி என்று மாறி மாறி எடுங்கள். படத்தில் விண்மீனின் உச்சப் பிக்சல் எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டினால் லேசாக ஃபோகஸைத் தளர்த்துங்கள். ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனி ஃபிளாட் (சீரான ஒளிப்பரப்பை எடுக்கும் திருத்தப் படம்) எடுப்பது அவசியம். ஒப்பீட்டு விண்மீனின் (ஒப்பிட்டு அளக்க உதவும், பொலிவு மாறாத விண்மீன்) நிறம் சி.ஒய். அக்வாரிக்கு நெருக்கமாக இருக்கட்டும். இல்லையென்றால், அடிவானத்தை நெருங்கும்போது பி-யின் ஒளிவரை (நேரத்தோடு பொலிவு மாறுவதைக் காட்டும் கோடு) தானாகவே சாயும். சரிபார்க்க அளக்கும் இன்னொரு மாறாத விண்மீனின் சிதறல் 0.01 பொலிவெண்ணை விட அதிகமானால் அந்த இரவின் தரவை நம்ப வேண்டாம்.

பலர் சறுக்குவது நேரத்தில்தான். படத்தின் தலைப்பில் பதிவாவது பெரும்பாலும் எக்ஸ்போஷர் தொடங்கிய நேரம். பாதி எக்ஸ்போஷரைக் கூட்டாவிட்டால், மேலே சொன்ன 20, 40 விநாடிக் கணக்கில் பி-க்கும் வி-க்கும் இடையே 10 விநாடிப் பொய் வித்தியாசம் வரும். இந்த விண்மீனில் அது 0.7 பாகைக் கட்டம். நாம் தேடும் வித்தியாசமே சில பாகைதான். டெஸ்ஸின் நேரம் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்குத் திருத்தப்பட்டது, டிடிபி (அந்த நிறைமையத்துக்கான வானியல் நேரம்) அளவுகோலில் உள்ளது. உங்கள் கணினி தரும் யுடிசி (உலகப் பொது நேரம்) அதைவிட 69 விநாடி பின்தங்கும். பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் ஒளிப்பயணத் திருத்தம் தனி. அது இங்கே 8 நிமிடம் வரை போகும். கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு தொடர்ந்து ஒத்திசைய விடுங்கள்.

அலசும்போது அதிர்வெண்ணை உங்கள் தரவிலிருந்து தேடாதீர்கள். பகல் இடைவெளியால், சி.ஒய். அக்வாரியின் உண்மையான அதிர்வெண்ணான நாளுக்கு 16.38 துடிப்புக்கு இருபுறமும் 15.38, 17.38 எனப் போலி உச்சங்கள் எழும். டெஸ் அளந்த விண்மீனுக்குப் போகும்போது, டெஸ் தரவிலுள்ள அதிர்வெண்களை அப்படியே எடுத்து நிலையாக வைத்து, பி, வி இரண்டிலும் வீச்சையும் கட்டத்தையும் மட்டும் பொருத்துங்கள். பி வீச்சு வி-யைவிடச் சுமார் 1.3 மடங்கு வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இரண்டும் சமமாக வந்தால், முதலில் பக்கத்து விண்மீன் விண்மீனைச் சுற்றி ஒளியைக் கூட்டும் உங்கள் அளவீட்டு வட்டத்துக்குள் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.