ஏஏ கூட்டத்திற்கு ஏஜெண்டு எதற்கு?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். வயது 43. பல வருடங்களாகத் தினமும் குடி. இப்போது காலையிலும் கொஞ்சம் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது. குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடும் ஏஏ கூட்டத்திற்குப் போகச் சொல்கிறார் மனைவி. 800 வெள்ளி கொடுத்தால் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். அங்கே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? தோட்டத்தில் தெரிந்துவிடாதா? மாதா கோவில் மண்டபத்தில் நடக்குமாமே, மதம் மாற்றுவார்களா? வரும் வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன்.

பதில்: அந்த 800 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் உங்களைச் சேர்த்துவிட எவரும் தேவையில்லை. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு மருத்துவரும், இருவருமே குடியில் மூழ்கியவர்கள், ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த அமைப்பு அது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். கட்டணம் இல்லை, விண்ணப்பப் பாரம் இல்லை, அடையாள அட்டை நகல் இல்லை. இடையில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் தேநீருக்கும் ஆளுக்கு ஒன்றிரண்டு வெள்ளி போடுவார்கள். புதியவர் போடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இந்தத் தரகர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிற்காது. குடிப்பவன் பையில் காசு இருக்காது, மனைவியின் கழுத்தில் தாலிக்கொடி இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வகையினர் ஏதாவது ஒரு குடிமீட்பு 'இல்லத்தில்' தள்ளிவிட்டுக் கமிஷன் வாங்குவார்கள். இன்னொரு வகையினர் 'அவருக்குத் தெரியாமல் குழம்பில் போடுங்கள்' என்று பெண்களிடம் பொடியையும் மாத்திரையையும் விற்பார்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்தை அப்படிக் கலந்திருந்தால், அதன்மேல் குடித்தவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளி அறிந்து, மருத்துவர் பார்வையில் சாப்பிடும்போதுதான் அது மருந்து. வீட்டில் யாராவது வாங்கி வைத்திருந்தால் இன்றே குப்பையில் போடச் சொல்லுங்கள்.

இனி வெள்ளிக்கிழமை. இதை இரண்டு தடவை படியுங்கள். காலையில் கை நடுங்கி, குடித்ததும் நிற்கிறது என்றால் உங்கள் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகத் தெரியலாம். ஆள் இறந்துபோவதும் உண்டு. தைப்பூச விரதத்துக்காகச் சட்டென்று குடியை நிறுத்துகிற சிலருக்கு இப்படித்தான் நடக்கிறது. மாலை போட்ட மூன்றாம் நாள் கோவில் வாசலில் விழுந்தவரைச் சுற்றி நின்று 'சாமி வந்துவிட்டது' என்றார்கள். நாக்கைக் கடித்து வாயில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சாமியும் இல்லை, குற்றமும் இல்லை, வலிப்பு. அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். முதலில் அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். 'காலையில் கை நடுங்குகிறது, குடியை நிறுத்த வேண்டும்' என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுக்கத்தைச் சொல்லாவிட்டால் வைட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். சில நாளைக்கு மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் மருத்துவமனையில் படுக்கவைத்து, நடுக்கத்தை மெல்ல இறக்குவார்கள். அதுவரை லோரிச் சாவியைத் தொடாதீர்கள்.

கடிதம் கொண்டு வா, அந்தக் கவுண்டருக்குப் போ, அடுத்த மாதம் வா என்பார்கள். அரசின் மேல் எனக்குக் கோபம் உண்டு: போத்தலுக்கு வரி வாங்குவதில் காட்டும் அக்கறையை, குடியிலிருந்து வெளிவருவது எப்படி என்று நம் ஆட்களுக்குச் சொல்வதில் காட்டுவதில்லை. நீங்கள் கோபப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். மனைவியை உடன் அழைத்துப் போங்கள். நடுவில் மனம் தளர்ந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் எனும் மனநல உதவி எண் 15555.

குடித்திருந்தாலும் கூட்டத்துக்கு வரலாம், சத்தம் போடாமல் உட்கார்ந்தால் போதும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடக்கும். ஒவ்வொருவராகத் தம் கதையைச் சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்றால் அடுத்தவரிடம் போய்விடும். முழுப் பெயர் வேண்டாம், முதல் பெயர் போதும். வருகைப் பதிவேடு கிடையாது. கடவுளைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் அது அவரவர் உணர்ந்த கடவுள். உங்களுக்கு முருகனாகவே இருக்கலாம். மண்டபம் வாடகைக்கு எடுத்தது, அவ்வளவுதான்.

ஊரார் கண்ணுக்கு அஞ்சினால், 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போ பக்கம் எந்தக் கிழமை கூட்டம் என்று விசாரியுங்கள். ஏஏ மலேசியாவின் இணையப் பக்கத்தில் பட்டியல் இருக்கும், ஆனால் பழைய பட்டியலை நம்பிப் பஸ் ஏறாதீர்கள், அதிலுள்ள எண்ணை முதலில் அழையுங்கள். பேசுவது ஆங்கிலமாகவே இருந்தால், தமிழ்நாட்டு நண்பர்கள் கைப்பேசி வழியாகத் தமிழில் நடத்தும் கூட்டங்கள் உண்டு. அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால்: அங்கே இரவு எட்டு என்றால் இங்கே பத்தரை. விடியற்காலை எழுகிறவருக்கு அது தாமதம்தான். அங்கே மாலை ஆறு மணிக்கு நடப்பதாகப் பார்த்துக் கேளுங்கள்.