சேலம் – தூத்துக்குடி: 55 நிமிடத்தில் பறக்க முடியுமா?

கேள்வி: சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு 340 கி.மீ., விமானத்தில் 55 நிமிடம் என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. எழுபது வயது அப்பாவுக்கு டிக்கெட் கேட்டால், சென்னை வழியாக ஆறு மணி நேரம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். ஏமாற்றுகிறாரா?

பதில்: நேர விஷயத்தில் ஏமாற்றவில்லை. அந்தத் தளம் சொல்வது வெறும் வகுத்தல் கணக்கு. ஓமலூர் பக்கமுள்ள சேலம் விமான நிலையத்துக்கும் வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 340 கி.மீ. அதை ஜெட் வேகமான மணிக்கு 800 கி.மீ.-ஆல் வகுத்தால் 25 நிமிடம், ஏற, இறங்க அரை மணி, ஆக 55. விமானம் ஓடுகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. இந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் கிடையாது. விட்டாலும் ஏடிஆர் என்ற சின்ன புரொப்பல்லர் விமானத்தைத்தான் விடுவார்கள். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான், ஒரு மணி நேரமாவது பிடிக்கும்.

சென்னை வழி போனால் 265-ம் 527-ம் சேர்த்து கிட்டத்தட்ட 790 கி.மீ. தெற்கே போக வேண்டியவரை வடகிழக்கே இழுத்துப் போகிறார்கள். தூத்துக்குடி ஓடுதளத்தை 3,115 மீட்டருக்கு நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. சேலத்திலோ 2018-ல் வந்த சேவை 2021-ல் நின்று, 2023-ல்தான் திரும்பியது. கட்டடம் கட்டுகிற வேகம் விமானம் விடுவதில் இல்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு. ஏஜென்ட் இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டி "கனெக்‌ஷன்" என்று கொடுத்துவிடுவார். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போச்சு, யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சென்னையில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன், மறுபடி பாதுகாப்புச் சோதனை. உள்நாட்டு முனையமே அங்கே இரண்டு, 1-ம் 4-ம். விமானம் மாறினால் முனையமும் மாறலாம். கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

இரண்டு விமானத்துக்கும் சேர்த்து ஒரே பிஎன்ஆர் (முன்பதிவு எண்) கேளுங்கள். புக்கிங் தளம் தரும் நீளமான எண் பிஎன்ஆர் ஆகாது; விமான நிறுவனம் தருவதில் எழுத்தும் எண்ணும் சேர்த்து மொத்தம் ஆறேதான். அதை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் இரண்டு பயணமும் ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் ஒட்டு டிக்கெட். "ரெண்டும் ஒரே கம்பெனிதான் சார்" என்பார். கம்பெனி ஒன்றாக இருந்து பிஎன்ஆர் இரண்டாக இருந்தாலும் அது தனித்தனி டிக்கெட்தான். கவுன்ட்டர் ஊழியர் மனது வைத்து பெட்டியைக் கடைசி வரை டேக் போட்டுத் தரலாம், அடுத்த விமானத்தில் ஏற்றியும் விடலாம். அது சலுகை, உரிமை கிடையாது. தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

அந்த நான்கு மணியையும் சேர்த்தால் கார் முந்திவிடும். மதுரை வழியாக 370 கி.மீ. சொச்சம், ஆறரை, ஏழு மணி நேரம். அப்பாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றால் மட்டும் விமானம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள்.

டிக்கெட்டில் எந்த செல்போன் எண் இருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிடுவார். நேரம் மாறினாலும் ரத்தானாலும் தகவல் அவருக்குத்தான் போகும். அப்பா ஓமலூர் வரை போய் நிற்பார்.