பாட்டில் அறிவியல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக அறிவியல் சேர்ந்திசை நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். ஐந்து வயதுப் பிள்ளையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். எவ்வளவு நேரம், எத்தனை பாட்டு?

பதில்: 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஏழு பாட்டு போதும். அதற்கு மேல் போனால் செய்துகாட்ட நேரம் இருக்காது. ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு கருத்து. முதலில் செய்துகாட்டுங்கள், பிறகு பாடுங்கள். கண்ணால் பார்த்ததைப் பாட்டில் கேட்கும்போதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடும். எல்லோரும் சேர்ந்து பாடும் பல்லவியை 262 முதல் 440 ஹெர்ட்ஸுக்குள் அமையுங்கள். பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் எட்டும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள்.

கேள்வி: பாடகர்களை இரண்டு அணியாக்கி, சுருதியைச் சற்றே விலக்கிப் பாடவைத்து விம்மல்களை (நெருங்கிய இரண்டு சுரங்கள் சேரும்போது ஒலி மாறி மாறிப் பெருகித் தணிவதை) காட்டப் பார்த்தோம். வெறும் அபசுரமாகத்தான் கேட்டது. ஏன்?

பதில்: பாடகர்கள் மீது குறையில்லை. இருபது பேர் ஒரே சுரத்தைப் பாடினாலும் ஒவ்வொருவர் அதிர்வெண்ணும் சில ஹெர்ட்ஸ் விலகியே இருக்கும், குரலும் நடுங்கும். எத்தனையோ விம்மல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் ஒன்றும் தனியாகக் காதில் விழாது. சேர்ந்திசைக்கு அந்தச் செழுமை கிடைப்பதே இந்தக் கலவையால்தான்!

முதலில் இரண்டு கைபேசிகளை எடுங்கள். ஒலியெழுப்பும் செயலியில் ஒன்றில் 440, மற்றதில் 442 ஹெர்ட்ஸ் வையுங்கள். விநாடிக்கு இரண்டு முறை ஒலி பெருகித் தணியும். 445 வைத்தால் ஐந்து முறை. இடைவெளி 15 ஹெர்ட்ஸைத் தாண்டினால் எண்ண முடியாது, கரகரப்பாகிவிடும். இரண்டின் ஒலி அளவும் சமமாக இருக்கட்டும்; ஒன்று ஓங்கினால் விம்மல் மங்கிவிடும்.

அடுத்து இரண்டே பாடகர்கள், கமகமில்லாமல், 'ஊ' என்று பாடட்டும். 'ஊ'வில் மேல் அதிர்வுகள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) குறைவு என்பதால் விம்மல் தெளிவாகக் கேட்கும். ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் கீழிருந்து மெல்ல ஏறி அவரோடு சேரட்டும். விம்மல் நிதானமாகி, சுருதி சேரும்போது நின்றுவிடும். பாட்டின் பல்லவியை அந்த இடத்திலேயே எடுங்கள்.

கேள்வி: ஒரு முனை அடைத்த பிவிசி குழாய்களை ஊதிப் பாட்டுக்கு ஒத்து வாசிக்கிறோம். ஸட்ஜத்துக்கு 32.1 செ.மீ. சரியாக இருக்கிறது. மேல் ஸட்ஜத்துக்குச் சரிபாதி வெட்டினால் சுருதி குறைகிறதே?

பதில்: காற்றின் அதிர்வு குழாயின் வாயோடு முடிவதில்லை, உள்விட்டத்தில் ஏறத்தாழ 0.3 பங்கு வெளியே நீளும். 2 செ.மீ. குழாயில் அது 0.6 செ.மீ. எனவே பாதியாக்க வேண்டியது 32.7 செ.மீ. நீளத்தை. அதில் பாதி 16.35, 0.6ஐக் கழித்தால் 15.75 செ.மீ. பஞ்சமத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு எடுத்து அதே போல் கழியுங்கள், 21.2 வரும். எதையும் அரை செ.மீ. கூடுதலாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கணக்கு 20 டிகிரி செல்சியஸுக்கானது. வெப்பம் கூடினால் ஒலி வேகமாகும், எல்லாக் குழாய்களும் சேர்ந்தே சற்று ஏறும். அதனால் நிகழ்ச்சி நடக்கும் அரங்கிலேயே ஒருமுறை ஊதிப் பாருங்கள்.

கேள்வி: பாட்டு நன்றாக இருந்தது, சொற்கள்தான் புரியவில்லை என்கிறார்கள்.

பதில்: உச்சத்தில் பாடும்போது 'ஆ', 'ஏ', 'ஓ' எல்லாம் ஒன்றுபோல் ஒலிப்பது குரலின் இயல்பு. 'ஒளிச்சேர்க்கை' போன்ற முக்கியச் சொற்களைத் தாழ்ந்த சுரங்களில், எல்லா அணிகளும் ஒரே சுரத்தில் பாடும் இடத்தில் வையுங்கள். பல குரல் பிரிவுகளை, கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட வரிகளுக்கு ஒதுக்குங்கள்.