பாதி கொல்வது

வணக்கம் சார்,

நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் ஆன்லைனில் ரிஸ்க் ஆடுகிறோம், உலக மேப்பில் படை நகர்த்தி, பகடை உருட்டி நாடு பிடிக்கும் ஆட்டம். ஆளுக்கு ஒரு நாள் டர்ன் என்பதால் ஓர் ஆட்டம் வாரக்கணக்கில் போகும். ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்தால் ஜெயிக்கலாம் என்று எல்லோரும் சொல்வதால் நானும் அதையே பிடிக்கிறேன், ஆனால் எப்போதும் மூன்றாவதாகத்தான் வருகிறேன். எந்தக் கண்டத்தில் ஆரம்பிப்பது சரி? 6 படையை வைத்து 4-ஐ அடித்து அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றேன். பகடையில் தில்லுமுல்லு இருக்குமா? கூட்டணியை உடைப்பது துரோகமா?

போன ஆட்டத்தில் ஆஸ்திரேலியா கிடைக்கவில்லை. மத்திய அமெரிக்காவில் 14 படை வைத்திருந்தேன். பச்சைப் படை ஆடுகிறவருக்கு ஐந்தே நாடுகள்: வெனிசுவேலா 1, பெரு 1, அர்ஜென்டினா 1, பிரேசில் 3, வடக்கு ஆப்பிரிக்கா 2. அவர் கையில் 4 கார்டு, என் கையில் 2. பொருந்தும் மூன்று கார்டு ஒரு செட், அடுத்த செட்டை மாற்றுகிறவருக்கு 15 படை. நான் வெனிசுவேலா, பிரேசில், வடக்கு ஆப்பிரிக்கா மூன்றையும் எடுத்தேன். கடைசியில் 6 படை மிச்சம். பெருவையும் அர்ஜென்டினாவையும் பாவம் என்று விட்டுவிட்டேன். எனக்கு அடுத்த டர்ன் சிவப்புக்கு. மேற்கு அமெரிக்காவில் 9 படையோடு நின்றவர் பச்சையை முடித்தார். இரண்டே ரவுண்டில் ஆட்டமும் முடிந்தது. இரக்கம் காட்டியது தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்த ஆட்டத்தில் இரக்கம் என்று சொல்லப்படும் விஷயத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். உதாரணத்தை நீங்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டீர்கள். அதற்கு முன் பகடையைத் தள்ளி வைத்துவிடுவோம். 6 படை நிற்கும் நாட்டில் ஒன்று காவலுக்கு இருந்தே ஆகவேண்டும், அடிக்கப் போவது 5. ஐந்து பேர் நாலு பேரை அடித்தால் ஜெயிக்கும் வாய்ப்பு 64 சதவீதம். இரண்டு முறை தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய எட்டில் ஒரு தடவை நடக்கும். எட்டில் ஒரு தடவை நடப்பதற்குப் பெயர் தில்லுமுல்லு இல்லை. அது செவ்வாய்க்கிழமை மாதிரி, வந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது உங்கள் 14 படைக்கு வருகிறேன்.

நீங்கள் இரக்கப்படவில்லை, எஸ். வடக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தீர்கள். பிரேசிலில் உங்கள் படை ஒன்று, வெனிசுவேலாவில் ஒன்று. ஒற்றைப் படையால் தாக்க முடியாது. மிச்சமிருந்த ஆறு பேரும் கடல் தாண்டி நிற்கிறார்கள். பெருவைத் தொட உங்களிடம் ஆளே இல்லை. அந்த நேரத்தில்தான் 'பாவம்' என்ற சொல் உங்களுக்கு வந்திருக்கிறது. பாதையில் நடந்த பிழைக்குப் பண்பு என்று பெயர் வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த ஆட்டத்திலும் அதே பாதையில்தான் போவீர்கள்.

அந்த ஐந்து நாடுகளையும் ஒரே கோட்டில் எடுக்கலாம். வெனிசுவேலாவிலிருந்து பெரு, பெருவிலிருந்து அர்ஜென்டினா, அங்கிருந்து பிரேசில், பிரேசிலிலிருந்து வடக்கு ஆப்பிரிக்கா. எங்கும் கிளை பிரியவில்லை, எந்த இடத்துக்கும் இரண்டு முறை போக வேண்டியதில்லை. மேப்பை எடுத்து விரலால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வெனிசுவேலாவில் நின்றுகொண்டு பிரேசில் பக்கம் திரும்பிய அந்த நொடியில் உங்கள் ஆட்டம் போய்விட்டது. எதிராளியை முடிக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கடைசி நாட்டை. எந்த நாடு முட்டுச்சந்து, எது இரண்டு பக்கம் திறந்தது என்று பார்த்து, முட்டுச்சந்தைக் கடைசிக்கு வைக்க வேண்டும். இல்லையென்றால் வழிபிரியும் இடத்தில் படையை இரண்டாகப் பிரித்து நிறுத்தியாக வேண்டும். பிடித்த நாட்டுக்குள் எத்தனை பேரை நகர்த்துகிறோம் என்ற கேள்வி அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும். டர்ன் நடுவில் 'அந்த நாலு பேரைத் திரும்பக் கூப்பிடு' என்பதெல்லாம் கிடையாது.

அடுத்தது கணக்கு. மூன்று பகடைக்கு எதிரே ஒன்று என்றால் தாக்குகிறவர் ஜெயிப்பது 66 சதவீதம். அதாவது ஒற்றைப் படை நிற்கும் நாட்டை எடுக்கச் சராசரியாக அரைப் படை சாகும். இரண்டு பேர் நின்றால் ஒன்றரை, மூன்று பேர் நின்றால் இரண்டே கால் சொச்சம். இதோடு, பிடித்த ஒவ்வொரு நாட்டிலும் ஒருவரை விட்டுவிட்டு நகர வேண்டும். பலரும் சாவை மட்டும் எண்ணுவார்கள், இப்படி விட்டுவிட்டு வருகிறவர்களை எண்ணமாட்டார்கள். நீண்ட பாதையில் படையைத் தின்பது சாவைவிட இதுதான். உங்கள் கதையில் மூன்று ஒற்றைகள், ஒரு மூன்று, ஒரு இரண்டு. மொத்தச் சாவு ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. பிரேசிலைப் பிடித்து நிற்கும்போது வழியில் நாலு பேரை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள், நாலு பேர் செத்திருப்பார்கள், கையில் ஆறு பேர். ஆறை வைத்துக்கொண்டு வடக்கு ஆப்பிரிக்காவின் இரண்டை அடித்தால் பத்துக்கு ஒன்பது தடவை கிடைக்கும்.

ஆக 14 போதும். 16 இருந்தால் இன்னும் நிம்மதி, ஏனென்றால் சராசரி என்பது சராசரிதான், பாதி நேரம் அதைவிட மோசமாகவே போகும். கடைசிச் சண்டைக்கு நாலு பேராவது மிஞ்சவில்லை என்றால் மூன்று பகடை உருட்டவே முடியாது. இரண்டு பகடையோடு இரண்டை எதிர்த்தால் எதிராளி இரு பகடையையும் ஜெயிப்பது 45 சதவீதம், நீங்கள் ஜெயிப்பது 23 சதவீதம். மூன்று பகடை என்றால் உங்களுக்கு 37, அவருக்கு 29. அந்த ஒரு பகடை இல்லாமல் போவதால்தான் முக்கால்வாசிப் படையெடுப்புகள் கடைசி நாட்டில் வந்து சாகின்றன.

பச்சையை முடித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அவருடைய 4, உங்களுடைய 2, மொத்தம் 6 கார்டு. ஒருவரை ஒழித்து வந்த கார்டுகளோடு கை ஆறைத் தொட்டால் டர்ன் நடுவிலேயே செட்டை மாற்றியாக வேண்டும். ஐந்து கார்டிலேயே ஒரு செட் கட்டாயம் இருக்கும், ஆறில் கேட்க வேண்டாம். 15 படை அங்கேயே இறங்கும், எந்த நாட்டில் வேண்டுமானாலும் வைக்கலாம், தாக்குதலைத் தொடரலாம். மாற்றிய கார்டில் உள்ள நாடு உங்கள் வசம் இருந்தால் அந்த நாட்டில் மேலும் 2. பச்சையின் நாடுகளை அப்போதுதான் பிடித்திருக்கிறீர்கள் என்பதால் அதற்கும் வாய்ப்பு நல்லாவே உண்டு.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பந்தி போட்டு, இலை விரித்து, பரிமாறியும் விட்டுப் பசியோடு எழுந்து போய்விட்டீர்கள். மத்திய அமெரிக்காவில் ஒன்று, வெனிசுவேலாவில் ஒன்று, பெருவில் ஒன்று, அர்ஜென்டினாவில் ஒன்று. மேற்கு அமெரிக்காவில் நிற்கும் சிவப்புக்கு இது நாலு ஒற்றைகளின் வரிசை. இரண்டு பேர் சாவார்கள், நாலு பேரை வழியில் விடுவார், ஒன்பதில் மூன்று மிஞ்சும். நீங்கள் போயிருக்க வேண்டிய அதே பாதையில்தான் அவர் போனார். அவர் பெரிய கெட்டிக்காரர் என்று நினைக்காதீர்கள். திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உங்களுக்கு உறைக்க வேண்டும். நீங்கள் பச்சையைத் தொடாமலே இருந்திருந்தால் சிவப்பால் அவரை எட்டியே இருக்க முடியாது. நடுவில் உங்கள் 14 பேர் நின்றார்கள். ஒருவரை முடிக்க ஆள் போதவில்லை என்றால் அவரைச் சீண்டாதீர்கள். வேறு எங்காவது ஓர் ஒற்றை நாட்டை எடுத்து அந்த டர்னுக்கான கார்டை வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சப் படையை அவருக்கும் அடுத்து ஆடப்போகிறவருக்கும் நடுவில் சுவராக நிறுத்துங்கள். பலவீனமானவர் உயிரோடு இருப்பது ஆபத்தில்லை. அவர் அடுத்தவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுதான் ஆபத்து. நிஜமாகவே இரக்கம் இருந்தால் அதற்கு இந்த ஆட்டத்தில் உள்ள ஒரே வடிவமும் இதுதான்: காவல் நிற்பது. அரை உயிராக விட்டு வருவது இல்லை.

கார்டு எண்ணிக்கையில் ஒரு குழி இருக்கிறது, அனுபவசாலிகளும் விழுவார்கள். உங்கள் கையில் 2-க்குப் பதில் 1 இருந்திருந்தால் மொத்தம் 5. ஆறைத் தொடவில்லை. செட்டை மாற்ற அடுத்த டர்ன் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஐந்தாறு நாடுகளில் ஒற்றை ஒற்றையாக நின்றுகொண்டு, கொழுத்த கையோடு எல்லோர் கண்ணிலும் படுவீர்கள். ஒரு சுற்று தாண்டமாட்டீர்கள். அதனால் கொலைக்குக் கிளம்பும் முன் இரண்டு கையையும் கூட்டிப் பாருங்கள். ஆறு வராவிட்டால் ஒரு டர்ன் பொறுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. உங்கள் கையில் செட்டோடு 4 கார்டு, எதிராளியிடமும் 4, அடுத்த செட் 15 என்று வையுங்கள். டர்ன் ஆரம்பத்திலேயே மாற்றினால் 15 கிடைக்கும், கையில் 1 மிஞ்சும், அவரை முடித்தால் 5, அதோடு சரி. மாற்றாமலே போய் முடித்தால் கையில் 8. ஒரு செட்டுக்கு 15, மீதி 5 என்பதால் இன்னொரு செட்டும் மாற்ற வேண்டும், அதற்கு 20. டர்ன் நடுவில் 35 படை. அதைக் கொண்டு அடுத்தவரையும் முடிக்கலாம், அவர் கார்டும் வரும். போர்டில் ஏற்கெனவே நிற்கும் படையே கொலைக்குப் போதுமென்றால் மட்டும் இது. போதாதென்றால் ஆசையை அடக்கிக்கொண்டு முதலிலேயே மாற்றுங்கள்.

1957-ல் பிரான்சில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஆல்பர் லமோரிஸ் ஒரு திரைப்பட இயக்குநர். 42 நாடுகளில் ஆறு பேர் முட்டிக்கொண்டு நின்றால் ஆட்டம் முடியவே முடியாது. முடித்து வைப்பது கார்டுதான்: 4, 6, 8, 10, 12, 15, அதற்குப் பிறகு ஐந்தைந்தாக ஏறும். இந்த ஏணி தெரியாமல் கண்டம் கண்டம் என்று ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கண்டம் என்றதும் ஞாபகம் வருகிறது, நீங்கள் கேட்டது அதைத்தானே? ஆஸ்திரேலியா தப்பில்லை. நாலு நாடு, ஆசியாவின் சியாம் வழியாக ஒரே வாசல், டர்னுக்கு 2 படை. தென் அமெரிக்காவுக்கும் நாலு நாடு, 2 படை, ஆனால் இரண்டு வாசல். வட அமெரிக்கா ஒன்பது நாடு, மூன்று வாசல், 5 படை. ஆசியாவின் 7 படைக்கு ஆசைப்பட்டு ஆரம்பத்திலேயே பன்னிரண்டு நாட்டில் கால் வைக்க வேண்டாம். ஆனால் உங்கள் மூன்றாவது இடத்துக்குக் காரணம் ஆஸ்திரேலியா இல்லை, அங்கேயே உட்கார்ந்துவிடுவது. செட் 4 படையாக இருக்கும்போது டர்னுக்கு 2 என்பது சொத்து. செட் 20 ஆனபிறகு அது சில்லறை. அந்த நேரத்தில் இந்தோனேசியாவில் முப்பது பேரைக் குவித்துக்கொண்டு இருப்பவர் யாரையும் எட்ட முடியாது, ஒரு கார்டுக்குக்கூடச் சியாமை முட்ட வேண்டும்.

உங்கள் ஆட்டத்தில் செட்டின் மதிப்பு ஏறுமுகமா நிலையானதா என்று நீங்கள் சொல்லவில்லை. போன ஆட்டத்தின் 15-ஐ வைத்து ஏறுமுகம் என்று எடுத்துக்கொண்டேன். நிலையான செட் என்றால் காலாட்படை 4, குதிரைப்படை 6, பீரங்கி 8, மூன்றும் கலந்தால் 10, கடைசி வரை அவ்வளவுதான். அதில் கொலையின் விலை குறைவு, கண்டத்தின் விலை அதிகம். மேலே சொன்னதில் பாதியை மறந்துவிட்டு வட அமெரிக்காவுக்குப் பொறுமையாக ஆடலாம்.

கூட்டணிக்கு ஒரு வரி. எந்த எல்லை, எத்தனை டர்ன் என்று சொல்லியே சேருங்கள். கெடு முடிந்தபின் அடிப்பது துரோகமாகாது.

அடுத்த ஆட்டத்தில் ஒரு தாளில் நாலு பேர் பெயரையும் எழுதி, ஒவ்வொரு டர்ன் முடிவிலும் கையில் உள்ள கார்டு எண்ணிக்கையைக் குறித்து வாருங்கள். மூன்று கார்டு உள்ளவரிடம் செட் இருக்க 42 சதவீதம், நாலு உள்ளவரிடம் 82. நாலு கார்டோடு மூன்று நாட்டில் ஒருவர் ஒடுங்கி நிற்கும் நாளில், உங்களுக்கு முன் யார் டர்ன், பின் யார் டர்ன் என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.