ஏஜென்ட் சொல்லும் 35 சதவீதமும் வங்கி தரும் 35 சதவீதமும்

கேள்வி: நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சியில் வசிக்கிறேன். சானிட்டரி நாப்கின் தயாரிக்கும் யூனிட் தொடங்க 12 லட்சம் ரூபாயில் திட்டம் வைத்திருக்கிறேன். பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு என்கிறார்கள். ஓர் ஏஜென்ட் கடன், மானியம், மெஷின் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். தயாரித்த சரக்கையும் அவரே வாங்கிக்கொள்வாராம். நிலக்கோட்டை டவுனுக்குள் ஷெட்டும் பார்த்துவிட்டார். 40,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் திட்டம் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பிஎம்இஜிபி. இதற்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கணினி பழக்கமில்லை என்றால் திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால் அங்கே உதவ வேண்டியது அவர்கள் வேலை. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் இலவசம்தான், ஆதாரும் பானும் போதும். அதற்கு 3,000 கேட்கும் போலி இணையதளங்கள் மலிந்து கிடக்கின்றன. முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியாவிட்டால் மூடிவிடுங்கள்.

முதலில் 35 சதவீதக் கணக்கு. 12 லட்சத்தில் பெண் என்பதால் உங்கள் பங்கு 5 சதவீதம், 60,000 ரூபாய். மீதி 11,40,000 ரூபாயும் வங்கிக் கடன். ஊராட்சிப் பகுதி என்றால் மானியம் 4,20,000. ஆனால் அது உங்கள் கைக்கு வராது. வங்கி கடனின் முதல் தவணையை விடுவித்த பிறகு மானியத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாகப் போட்டு வைக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. கடனில் அந்த அளவுக்கும் வட்டி போடக் கூடாது. 3 ஆண்டு கழித்து நேரில் வந்து ஆய்வு செய்வார்கள். யூனிட் ஓடினால்தான் அந்தப் பணம் அசலில் கழியும். மூடிக் கிடந்தால் மானியம் திரும்பிப் போகும், முழுக் கடனும் உங்கள் தலையில் நிற்கும். மானியம் போக மிஞ்சும் 7,20,000 ரூபாய்க்கு 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 15,650 ரூபாய். இந்தத் தொகையை மாதாமாதம் நாப்கின் விற்று எடுக்க முடியுமா என்பதுதான் நீங்கள் போட வேண்டிய கணக்கு.

இப்போது அந்த ஷெட். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பெண்களுக்கு மானியம் இரண்டு விதம்: ஊரகம் என்றால் 35, நகர்ப்புறம் என்றால் 25. எது ஊரகம் என்பது யூனிட் இருக்கும் இடத்தைப் பொறுத்தது, நீங்கள் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தது அல்ல. உங்கள் ரேஷன் கார்டு கிராமத்தில் இருக்கலாம், ஷெட் டவுனில் இருந்தால் டவுன் கணக்குத்தான். நிலக்கோட்டை பேரூராட்சி. தமிழ்நாட்டில் பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி, கிராம ஊராட்சி அமைப்பில் சேராது. ஆகவே அங்கே ஷெட் எடுத்தால் 25 சதவீதம், 3 லட்சம் என்றே கணக்குப் போடுங்கள். அதே ஷெட்டை உங்கள் ஊராட்சி எல்லைக்குள் எடுத்தால் 4,20,000. நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு 1,20,000 ரூபாய் வித்தியாசம். விண்ணப்பத்தோடு ஊரகப் பகுதிச் சான்று இணைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் விசாரித்து, யூனிட் வரப்போகும் சர்வே எண்ணைக் குறிப்பிட்டே வாங்குங்கள். சான்று ஒரு இடத்துக்கும் மெஷின் இன்னொரு இடத்துக்குமாக இருந்தால் ஆய்வில் மாட்டும். வாடகை ஒப்பந்தத்திலும் அதே சர்வே எண் இருக்கட்டும். பிற்பாடு கரண்ட் வசதி சரியில்லை என்று டவுனுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்றுவதற்கு முன்பே தொழில் மையத்துக்கும் வங்கிக்கும் எழுதிக் கொடுக்காவிட்டால் 3 ஆண்டு முடிவில் பதில் சொல்ல முடியாது. நிலம் வாங்கும் செலவைத் திட்டத்தில் சேர்க்க முடியாது என்பதையும் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

பிணை பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறு, சிறு தொழில் கடனில் 20 லட்சம் வரை வீட்டுப் பத்திரம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2026 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 10 லட்சமாக இருந்தது. உங்கள் கடன் 11,40,000. எனவே கிளை மேலாளர் பத்திரத்தைப் பற்றிப் பேச வழியில்லை.  அப்படியும் பத்திரம் கேட்டால், சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும் சிஜிடிஎம்எஸ்இ அறக்கட்டளையின் உத்தரவாதத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், அதற்கு ஒரு கட்டணம் உண்டு, அதை வங்கி மூலம்தான் கட்ட வேண்டும். ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க’ என்று சொல்லாத கிளை அரிது. கணவர் இணைக் கடன்தாரராக இருக்க வேண்டும் என்று இந்தத் திட்டத்தின் விதி சொல்லவில்லை. பெண் தொழில்முனைவோர் என்று மேடை போட்டுப் பேசிவிட்டு, கவுன்டரில் கணவரின் சிபில் ஸ்கோரைப் பார்க்கிறார்கள்! ஆனால் திட்டத்தின் இன்னொரு விதி உண்மையானது: கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் மானியம். உங்கள் கணவர் முன்பே இதில் வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது.

25 லட்சம் வரையிலான விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். ‘டார்கெட் முடிஞ்சுபோச்சு’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் மாவட்டத் தொழில் மைய மேலாளருக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள்.

இனி மெஷின். ஏஜென்டின் லாபமெல்லாம் இங்கேதான். கடன் தொகை உங்கள் கைக்கு வராமல் நேரே மெஷின் விற்பவர் கணக்குக்குப் போகும். 3 லட்சம் பெறுமானமுள்ளதற்கு 5 லட்சம் கொட்டேஷன் போட்டு, ‘உங்க பங்கு 60,000-ஐ நானே போட்டுக்கிறேன்’ என்பார்கள். அந்தப் போலி பில்லில் கையெழுத்துப் போடுவது நீங்கள், இரண்டு லட்சத்துக்கும் வட்டி கட்டுவதும் நீங்கள். நடைமுறை மூலதனத்தையும், அதாவது மூலப்பொருள், கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணத்தையும், ஊதிப் போடுவார்கள். இதற்காக வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன் வரம்பை 3 ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழுதாகத் தொட்டிருக்க வேண்டும், 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் அதற்கேற்ற மானியத்தைத் திரும்பப் பிடிப்பார்கள்.

மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். விற்பவர் கொடுக்கும் முகவரிப் பட்டியலை நம்பாமல், அதே மெஷினை இரண்டு வருடமாக ஓட்டுகிற ஒருவரை நீங்களே தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஒரு மணி நேரம் உங்கள் கண்முன் ஓடட்டும், தேறிய நாப்கினை மட்டும் எண்ணுங்கள். சீலிங் சூடு அதிகமானால் மேல்துணி உருகிக் கெட்டியாகி உறுத்தும், குறைந்தால் ஓரம் பிரியும். மழைக்காலத்தில் மரக்கூழ் ஈரம் குடித்துக் கட்டி கட்டியாகும். ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாக்கும் எஸ்ஏபி பொடி இல்லாமல் வெறும் கூழில் செய்தால் அழுத்தும்போது ஈரம் மேலே கசியும். யூவி பெட்டியில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பாதி உண்மை. வெளிச்சம் படும் மேற்பரப்பில் மட்டும்தான் சாகும், உள்ளடுக்கில் வேலை செய்யாது. தலைக்கவசமும் கையுறையும் தூசியில்லாத அறையும் கட்டாயம். மாதிரிகளைக் கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் கொடுத்து, நாப்கினுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 5405-இன்படி சோதியுங்கள். நாப்கினுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை வந்திருக்கிறது. சிறு யூனிட்டுகளுக்கு அதன் தேதி தள்ளித் தள்ளிப் போனது. உங்களுக்கு எந்தத் தேதி என்று ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும் பிஐஎஸ் அமைப்பின் சென்னை தரமணி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு, மெஷின் வாங்குங்கள்.

‘நானே வாங்கிக்கிறேன்’ என்ற ஒப்பந்தத்தில் ‘தரம் திருப்தியாக இருந்தால்’ என்று ஒரு வரி இருக்கும். முதல் லோடை எடுப்பார்கள், அடுத்ததில் தரம் சரியில்லை என்பார்கள். அந்த வரியின் இடத்தில் ஐஎஸ் 5405 சோதனைச் சான்றே போதும் என்று எழுதச் சொல்லிப் பாருங்கள், ஆள் பேச்சை மாற்றுவார்.

விலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நாப்கினுக்கு 2018 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி இல்லை. நல்ல செய்திதான், வாங்குகிற பெண்ணுக்கு. செய்கிற உங்களுக்கு அல்ல. விற்பனையில் வரி இல்லாததால், மெஷினுக்கும் எஸ்ஏபிக்கும் பிளாஸ்டிக் ஃபிலிமுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. 5 லட்சம் மெஷினுக்கு 18 சதவீதம், 90,000 ரூபாய், அது அப்படியே செலவு. ‘ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்’ என்பவரையும் அந்த ஏஜென்ட் வரிசையிலேயே நிறுத்துங்கள். எதிரில் மக்கள் மருந்தகத்தில் மத்திய அரசின் நாப்கின் ஒன்று 1 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த விலையோடு மோதாதீர்கள். பிரசவித்த பெண்களுக்கான பெரிய அளவு நாப்கினுக்குத் தனியார் பிரசவ ஆஸ்பத்திரிகளில் நிரந்தரத் தேவை இருக்கிறது. திண்டுக்கல், வத்தலக்குண்டு பக்கம் ஐந்தாறு ஆஸ்பத்திரி படியேறி, மாதம் எத்தனை பாக்கெட், என்ன விலை, எத்தனை நாள் கடன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுங்கள்.

ஏஜென்டிடம் ஏற்கெனவே ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால், உங்கள் ஆதாரில் விண்ணப்பம் போயிருக்கிறதா என்று தொழில் மையத்தில் இன்றே பாருங்கள். போயிருந்தால் அதில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்பதையும் பாருங்கள், பாஸ்வேர்டு அந்த எண்ணுக்குத்தான் போகும். கையெழுத்திட்ட காசோலை கொடுத்திருந்தால் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டு, பிறகு அவரிடம் பேசுங்கள்.