ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்: உட்கார்ந்து பேசுகிறார்கள், நடந்துகொண்டு பேசுகிறார்கள், கதை நகரவே இல்லை. பேசிக்கொண்டே இருக்கும் இந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? நட்பும் காதலும் சிக்கிக்கொள்ளும் படம் ஒன்றைச் சொல்ல முடியுமா?

பாதியில் நிறுத்தியது எந்தப் படம் என்று நீங்கள் சொல்லவில்லை. "உட்கார்ந்து பேசுகிறார்கள், நடந்துகொண்டு பேசுகிறார்கள், கதை நகரவே இல்லை" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் படமாக இருக்கலாம். புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் ரோமர் படம்தான்: 1987-இல் வந்த 'லாமி து மொனாமி'. தோழியின் காதலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நகைச்சுவைகளும் பழமொழிகளும்' என்ற வரிசையில் 1981 முதல் அவர் எடுத்த ஆறு படங்களில் இது கடைசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழமொழி உண்டு. இதற்கு "என் நண்பர்களின் நண்பர்கள் எனக்கும் நண்பர்கள்". வில்லங்கம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

முடிவுவரை சொல்லப்போகிறேன். தெரிந்துகொண்டு பார்த்தாலும் இந்தப் படத்துக்கு ஒன்றும் குறையாது.

பிளான்ஷ் அரசு அலுவலகத்தில் கலாசாரப் பிரிவில் வேலை பார்ப்பவள், கொஞ்சம் கூச்ச சுபாவம். லேயா படிப்பை முடிக்கப்போகும் மாணவி, பட்டென்று பேசுகிறவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் பழக்கமாகிறார்கள். லேயாவுக்கு நீச்சல் வராது, பிளான்ஷ் கற்றுக்கொடுக்கிறாள். லேயாவின் காதலன் ஃபாபியன். பிளான்ஷுக்கோ மனசு அலெக்ஸாந்தர் மேல். அவன் எஞ்சினியர், பார்க்க ஜம்மென்று இருப்பான், அது அவனுக்கும் நன்றாகத் தெரியும். அவனுக்கு ஏற்கெனவே ஒரு காதலி வேறு. லேயா விடுமுறைக்குக் கிளம்பிப் போக, ஊரில் மிச்சம் இருப்பது பிளான்ஷும் ஃபாபியனும்.

இந்த இடத்தில் வசனத்தை மட்டும் கேட்காமல், பிளான்ஷுக்கு யாரிடம் பேச்சு வருகிறது, யாரிடம் வரவில்லை என்று பாருங்கள். அலெக்ஸாந்தர் எதிரில் நின்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் தப்பான வார்த்தை. வீட்டுக்குப் போய் அழுவாள். ஃபாபியனிடம் அப்படியில்லை. ஏரியில் பாய்ப்பலகை (விண்ட்சர்ஃபிங்) விடப்போனாலும், வழியில் நடந்தாலும், தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசிக்கொண்டே போகிறாள். என்ன பேசுகிறாள்? அலெக்ஸாந்தரைத்தான் காதலிப்பதாக! வாய் ஒருவன் பெயரைச் சொல்கிறது, பேச்சு சுகமாக ஓடுவதோ இன்னொருவனிடம். படத்தின் கதையே இதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் பேச்சு போரடிக்காது. நாயகியைவிட நமக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்துவிட்ட ஒரு குறும்பு சந்தோஷம் வந்துவிடும்.

இவ்வளவு பேசும் படத்தில் திருப்பம் வருவது பேச்சு நிற்கும்போது. இருவரும் சாயங்காலம் மரங்களுக்கு நடுவே நடக்கிறார்கள். எங்கும் அமைதி. திடீரென்று பிளான்ஷ் கண்ணில் நீர். சோகம் ஒன்றும் இல்லை, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஃபாபியன் அணைத்துக்கொள்கிறான். நெஞ்சைப் பிழியும் வயலின் எதுவும் கிடையாது. ரோமர் பொதுவாகவே பின்னணி இசை பக்கம் போகாதவர். மறுநாள் காலையில் அவள் திரும்பவும் வாயைத் திறக்கிறாள்: நன்றாகத்தான் இருந்தது, ஆனால் லேயா என் தோழி, இத்தோடு முடித்துக்கொள்வோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நட்புக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று அவள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்துத் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் அவளால் முடிகிறது.

ஊரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். பாரிஸ் ஓரத்தில் திட்டமிட்டுக் கட்டிய செர்ஜி-பொன்த்வாஸ் என்ற புதுநகரில்தான் படம் நடக்கிறது. பிளான்ஷ் குடியிருப்பது ஸ்பெயின் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ போஃபில் வடிவமைத்த, பிறைவடிவ, தூண் வைத்த பெரிய கட்டடம். வெளியே பார்த்தால் அரண்மனை, உள்ளே தனியாளின் சின்ன ஃப்ளாட். கடைத்தெரு, நீச்சல்குளம், ஏரி என்று எங்கே போனாலும் இந்த ஐந்தாறு பேர் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள். நம்ம படத்தில் என்றால் "இது என்ன தற்செயல்" என்று கேட்போம். இங்கே நம்பும்படி இருக்கிறது.

கடைசியில் ஏரிக்கரை உணவகத்தில் தோழிகள் இருவரும் சந்திக்கிறார்கள், இருவர் மனசிலும் குற்ற உணர்வு. லேயா பெயரைச் சொல்லாமல் பேசுவது, இப்போது தன் காதலனாகிவிட்ட அலெக்ஸாந்தரைப் பற்றி. ஃபாபியனோடு மறுபடி சேர்ந்துவிட்டாள் போல என்று பிளான்ஷ் எடுத்துக்கொண்டு உடைந்துபோகிறாள். அந்தப் பெயரை மட்டும் சொல்லாமல் எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்திருக்கிறார் ரோமர். பழைய நாடகக் கொட்டகை உத்திதான், ஆனால் நடிகைகள் இருவரும் அதைத் தூக்கி நிறுத்துகிறார்கள். பிளான்ஷாக எமானுவேல் ஷோலே, லேயாவாக சோஃபி ரெனுவார் (ஓவியர் ரெனுவாரின் கொள்ளுப்பேத்தி). ஜோடி மாறிச் சேர்ந்து நிற்கும் நால்வரின் உடையிலும் நீலமும் பச்சையும். அந்த வண்ண விளையாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. அலெக்ஸாந்தர் வெறும் அட்டைப்படமாகவே நின்றுவிடுகிறான். லேயா போன்ற கெட்டிக்காரி அவனிடம் என்ன கண்டாள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போனை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். சப்டைட்டிலை விட்டால் எல்லாம் போச்சு. பிடித்திருந்தால் அடுத்து, வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய, ரோமரின் 1986-ஆம் வருடத்துப் படம் 'லெ ரேயோன் வேர்'. அதில் வசனம் பெரும்பாலும் நடிகர்கள் அங்கங்கே தாங்களாகவே பேசியது. நாயகி இவளைவிட அதிகம் அழுவாள், சொல்லிவிட்டேன்.