ஆஸ்திரேலியப் பூர்வகுடி மாணவர்களுக்குத் தனிக் கல்வி உதவித்தொகை ஏன்?

எல்லோருக்கும் பொதுவான உதவித்தொகை இருக்கும்போது பூர்வகுடியினருக்குத் தனித் திட்டம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். 1967ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பு, பூர்வகுடியினருக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கூட்டரசுக்கு வழங்கியது. அதைத் தொடர்ந்து 1969இல் உயர்கல்விக்கும் 1970இல் மேல்நிலைக் கல்விக்கும் தொடங்கிய உதவித்தொகைகளே பூர்வகுடி மாணவர்களுக்கான இன்றைய 'அப்ஸ்டடி' உதவித்தொகைத் திட்டத்தின் வேர்கள்.

தனித் திட்டத்தின் தேவை பயணச் செலவில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. நகரத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடியிருப்பில் வாழும் ஒருவர், குடும்பத்தையும் சமூகக் கடமைகளையும் முற்றாகத் துறக்காமல், சில வாரங்கள் மட்டும் வந்து தங்கித் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்ப வேண்டுமானால், பயணம், தங்குமிடம், உணவு ஆகிய மூன்றுக்கும் பணம் வேண்டும். வட ஆஸ்திரேலிய நகரமான டார்வினுக்குத் தெற்கே, பேச்சலர் என்னும் ஊரிலுள்ள பூர்வகுடியினருக்கான கல்வி நிறுவனம் இம்முறையில்தான் வளர்ந்தது.

பணம் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. பாடத்திட்டத்தையும் செலவையும் முடிவுசெய்யும் இடத்தில் பூர்வகுடியினரே அமர வேண்டும். பூர்வகுடியினருக்கும் பிறருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஆஸ்திரேலிய அரசுகள் செய்துகொண்ட 2020ஆம் ஆண்டுத் தேசிய உடன்படிக்கை, பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியோடு கையெழுத்தானது. 25 முதல் 34 வயதுக்குட்பட்ட பூர்வகுடியினரில் 70 விழுக்காட்டினர் 2031க்குள் தொழிற்கல்விச் சான்றிதழோ பட்டமோ பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று.